ஆற்றைக் கடந்த மஞ்சள் துணி

மூன்றாவது நட்சத்திரத்துக்கு ஜனாதிபதி கையெழுத்துப் போட்டு ஆறு வாரம் ஆகியும் மேஜர் ஜெனரல் இசித்ரோ மக்பனுவாவின் தோளில் இரண்டுதான் இருந்தன. எங்கள் நாட்டில் பெரிய ராணுவ அதிகாரி மேலே ஏறுகிற ஒவ்வொரு படிக்கும் மணிலாவுக்கு வந்து, நியமனக் குழு என்ற பெயரில் அமர்ந்திருக்கும் அரசியல்வாதிகளுக்கு முன்னால் கைகட்டி உட்கார வேண்டும். முப்பது வருஷம் காட்டில் அலைந்தவனிடம், தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறினவர்கள் நேர்மையைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள். பல நேரம் அதுகூடக் கேட்க மாட்டார்கள். "ஜெனரல், பாட்டு வருமா?" என்பார்கள். இசித்ரோ முதல் நட்சத்திரத்துக்கு ஒரு காதல் பாட்டுப் பாடினார். இரண்டாவதற்கு இரண்டு பாட்டு. கைதட்டி அனுப்பிவைத்தார்கள்.

இந்தத் தடவை பாட்டோடு முடிகிற கதையாக இல்லை. எந்தக் குடிமகனும் அந்தக் குழுவுக்குச் சத்தியம் செய்து எதிர்ப்பு மனு கொடுக்கலாம் என்று ஒரு விதி உண்டு. மனு வந்துவிட்டால் அது தீரும்வரை நட்சத்திரம் நகராது. இசித்ரோவுக்கு எதிராக ஒரு மனு வந்திருந்தது. வக்கீல் எழுதியதல்ல, கோடு போட்ட நோட்டுத் தாளில் மூன்று பக்கம், நீல மை. எழுதியவள் நெனிதா பலோமார். தெற்கே புத்துவான் பஸ் நிலையத்துக்கு எதிரில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் கணவன் சார்ஜென்ட் கிரிசாந்தோ பலோமாரும் இன்னும் மூன்று பேரும் ஓர் ஆற்றங்கரையில் செத்தார்கள். சுட்டது எதிரி இல்லை, பக்கத்துப் பட்டாலியன். கையில் கட்டும் துணியின் நிறத்தை மாற்றச் சொல்லியும் சார்ஜென்ட் மாற்றாமல் விட்டதால் நடந்த விபரீதம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. முகாமில் இருக்கிற நினைவுச் சுவரில் அந்த மூன்று பேருடைய பெயரும் உண்டு. கிரிசாந்தோவின் பெயர் இல்லை. "நிறம் மாறியதை என் கணவரிடம் யார் சொன்னது, எப்போது சொன்னது? அன்று பட்டாலியன் தலைவராக இருந்த ஜெனரல் அந்த அறையில் எழுந்து நின்று சொல்லட்டும். வேறெதுவும் எனக்கு வேண்டாம்" என்று மனு முடிந்தது.

இசித்ரோ அதை நாலு தடவை படித்தார். பதில் அவருக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை.

அந்த வருஷம் எதிரிகளான கிளர்ச்சிக்காரர்களும் நம் சீருடையைப் போட்டுக்கொண்டுதான் காட்டில் திரிந்தார்கள். ஆள் அடையாளம் தெரிவதற்காக நம்மவர்கள் இடது கையில் ஒரு துணி கட்டுவார்கள். நிறத்தை வயர்லெஸ்ஸில் சொன்னால் எதிரி காதிலும் விழும். அதனால் இசித்ரோ தன் பட்டாலியனில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். நிறம் மாறினால் அவரே நேரில் வந்து சொல்வார். வேறு யார் சொன்னாலும், போனில் சொன்னாலும் நம்பக் கூடாது. நல்ல வழக்கம்தான். அவர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்வரை நல்ல வழக்கம்.

நடவடிக்கைக்கு முந்தின நாள் மதியம் பூடுல் சாப்பாடு. நீள மேசையில் வாழையிலை விரித்து, சோற்றைக் கொட்டி, கருவாடும் சுட்ட கத்தரிக்காயும் பரப்பி, கர்னலும் சிப்பாயும் தோளோடு தோள் இடித்து நின்றபடியே கையால் அள்ளித் தின்பது. அங்கே பதவி கிடையாது என்று சொல்லிக்கொள்வார்கள். அன்றைக்கு இசித்ரோவின் இடது பக்கம் நின்றவன் கிரிசாந்தோ. பெரிய கருவாடாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டான்:

"சார், நாளைக்கும் மஞ்சள்தானே?"

"நான் நேர்ல வந்து மாத்துன்னு சொல்ற வரைக்கும் மஞ்சள்தான்டா."

மறுநாள் காலை இசித்ரோ முகாமில் இல்லை. நகரத்தில் கவர்னர் மகன் ஜெரிகோவுக்குக் கல்யாணம். இவர் நினோங், அதாவது ஞானத்தகப்பனாக நின்று சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர். கவர்னர் வீட்டில் நினோங்காக நிற்கக் கூப்பிட்டால் முடியாது என்று சொல்கிற கர்னல் எங்கள் நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. மனைவி லிகாயாவும் கூட நின்றாள். காலை பத்து மணிக்குப் பூசை, மதியத்துக்குள் திரும்பிவிடலாம், ஆட்கள் ஆற்றைக் கடப்பது மூன்று மணிக்குத்தானே என்று கணக்குப் போட்டார். கல்யாணத்துக்குப் போடுகிற பரோங் சட்டை கண்ணாடி மாதிரி மெல்லியது. அதற்குப் பை கிடையாது. போனை லிகாயாவின் கைப்பையில் போட்டார்.

பிரிகேடில் நடவடிக்கைப் பொறுப்பு ரமில் சலோங்காவிடம் இருந்தது. ரமில் அவருக்கு மிஸ்டா. பாகியோ மலையில் அகாடமியில் ஒரே வருஷம் சேர்ந்து, ஒரே அடி வாங்கி, ஒரே நாளில் தேறி வெளியே வந்தவர்கள் ஒருவருக்கொருவர் மிஸ்டா. கூடப் பிறந்தவனைக்கூட விட்டுக்கொடுக்கலாம், மிஸ்டாவை விடக் கூடாது. மஞ்சள் துணி எதிரிக்கும் கிடைத்துவிட்டது என்று காலையில் ரமிலுக்குச் செய்தி வந்தது. வெள்ளைக்கு மாற்றச் சொல்லி இசித்ரோவை மூன்று தடவை போனில் கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு, பார்த்திருப்பான் என்று எண்ணிக்கொண்டு, பக்கத்துப் பட்டாலியனுக்கு 'மஞ்சளைக் கண்டால் சுடு' என்று உத்தரவு கொடுத்துவிட்டார். கோயிலில் பூசை இழுத்தது. பிறகு விருந்து, பிறகு போட்டோ. இசித்ரோ போனைக் கையில் வாங்கிப் பார்த்தபோது மணி மூன்றே கால்.

"அடிச்சுதா, லிகாயா?"

"சைலன்ட்ல இருந்துச்சு போல. எனக்குக் கேக்கல."

ஆற்றைக் கடந்தவர்கள் ஏழு பேர். நாலு பேர் தண்ணீரிலேயே விழுந்தார்கள். மூன்றாம் நாள் ரமில் அறிக்கையோடு வந்தார். பட்டாலியன் தலைவருக்குச் செய்தி கிடைத்தது, அவர் சார்ஜென்ட்டிடம் சொன்னார், சார்ஜென்ட் மறந்துவிட்டார் என்று எழுதியிருந்தது. "செத்தவனுக்கு இனிமே பதவி உயர்வு இல்ல மிஸ்டா, உனக்கு இருக்கு" என்று சொல்லிப் பேனாவை நீட்டினார். இசித்ரோ கையெழுத்துப் போட்டார். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

இப்போது ரமில் ஓய்வு பெற்று, கவர்னர் குடும்பத்துக்குப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்தார். மனு வந்த வாரமே ஜெனரலின் வீட்டு வாசலில் வந்து காரை நிறுத்தினார்.

"என்ன மிஸ்டா, மூஞ்சி செத்த கெளுத்தி மாதிரி இருக்கு? மூணு பக்கக் காயிதத்துக்கா?"

"அவ கேக்கறது நியாயம்டா."

"நியாயம்னு யாரு இல்லைன்னா? நீ போய்ப் பாரு. சுவத்துல பேரைப் போடறேன்னு சொல்லு. கும்பிட்டு வாங்கிட்டு மனுவைக் கிழிச்சுப் போட்டுருவா. குழுவில யார் இருக்கான்னு பாத்தியா? நம்ம ஜெரிகோ. மாப்பிள்ளைப் பையன் இப்ப கீழவை உறுப்பினர். 'என் நினோங்குக்கு நானே முன்மொழியறேன்'னு குதிச்சிட்டு இருக்கான்."

"நான் உண்மையைச் சொன்னா?"

ரமில் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "உன் கையெழுத்துக்கு மேல என் கையெழுத்து இருக்கு. நீ விழுந்தா நானும் விழுவேன். லிகாயாவையும் இழுப்பாங்க. போன் யார்கிட்ட இருந்துச்சுன்னு கேக்க மாட்டாங்களா? பேசாம ஒரு பாட்டைப் பழகி வை."

லிகாயா என்ற பேர்தான் ஒவ்வொரு தடவையும் அவர் வாயைக் கட்டியது. அல்லது, அப்படித்தான் அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பெண்டாட்டியைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டால் கோழைத்தனமும் கௌரவமாகத் தெரியும்.

சனிக்கிழமை விமானம் ஏறி, சீருடை இல்லாமல் புத்துவான் போனார். கடையில் நாலு மேசை. நெனிதா ஐம்பதைத் தொட்டிருந்தாள். கைகள் தடித்துச் சிவந்திருந்தன. அவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது, ஆனால் அதிர்ச்சி காட்டவில்லை.

"உக்காருங்க சார். முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் பேசலாம்."

வாழையிலையில் சோறு வைத்து, கிண்ணத்தில் புளிப்பான சினிகாங் குழம்பு ஊற்றி, ஒரு கருவாட்டையும் வைத்தாள். ஸ்பூன் வைக்கவில்லை. இசித்ரோவுக்குப் புரிந்தது. கையால் பிசைந்து சாப்பிட்டார். அவள் எதிரில் நின்று, அவர் ஒவ்வொரு வாயாக விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸிஸ் பலோமார், சுவத்துல உங்க வீட்டுக்காரர் பேரைப் போட நானே உத்தரவு போடறேன். ஒரு வாரத்துல செதுக்கிருவாங்க."

"அறிக்கையை மாத்துவீங்களா?"

"அது பழைய கோப்பு. மூடியாச்சு. அதைத் தொட வேண்டியதில்ல, பேர் மட்டும்..."

"அப்ப வேண்டாம் சார்." அவள் குரல் உயரவில்லை. "தப்புப் பண்ணினவனுக்குப் பெரிய மனசு பண்ணிப் போட்ட பேரா அது அங்க இருக்க வேண்டாம். என் பொண்ணு அதைப் போய்ப் பாத்தா அவளுக்கு என்ன சொல்லுவேன்? மன்னிச்சுட்டாங்கன்னா?"

இசித்ரோ இலையைப் பார்த்தார்.

"அன்னிக்குச் சாயங்காலம் அவரு எனக்குப் போன் பண்ணினாரு சார். கர்னல் பக்கத்துல நின்னு சாப்பிட்டேன், பெரிய கருவாடு அவருக்குத்தான் விட்டேன்னு ஒரே பெருமை. நேர்ல வந்து மாத்தச் சொல்ற வரைக்கும் மஞ்சள்னு நீங்க சொன்னதாச் சொன்னாரு. நிறத்தையா போன்ல உளர்றீங்கன்னு நான்கூடத் திட்டினேன்." அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒருத்தர் மறக்கலாம். ஏழு பேர் கையிலயும் மஞ்சள்தான் இருந்துச்சு. ஏழு பேருமா மறப்பாங்க? ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க வந்தீங்களா?"

வரவில்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். அதைச் சொல்ல வாயைத் திறந்தார். அப்போது பார்த்து, மூன்று நட்சத்திரம் வைப்பதற்காகத் தைத்த சட்டை வீட்டில் இஸ்திரி போட்டுத் தொங்குவது ஞாபகத்துக்கு வந்தது.

"ரொம்ப வருஷம் ஆச்சு, மிஸிஸ் பலோமார். எனக்கு எல்லாம் சரியா ஞாபகம் இல்ல."

நெனிதா தலையாட்டினாள். இலையை மடித்து எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

"மனுவை நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

அவருக்கு முதலில் நெஞ்சு லேசானது. அப்புறம்தான் பயம் வந்தது. "எதுக்கு?"

"மனு இருந்தா, நான் கழுத்தைப் பிடிச்சுச் சொல்ல வச்ச மாதிரி ஆயிடும். வேண்டாம். நான் மணிலாவுக்கு வர்றேன் சார், கப்பல்ல டிக்கெட் போட்டாச்சு. நீங்க நல்லாப் பாடுவீங்கன்னு சொல்றாங்க. கேட்டுட்டு வந்துடறேன்."

விசாரணை நாள் காலை அறை நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் லிகாயா, கணவர் தோளில் நட்சத்திரம் குத்துவதற்காகப் புதுக் கவுன் அணிந்து, மடியில் கைப்பையோடு. பின்னால் மிஸ்டாக்கள் பதினெட்டுப் பேர், எல்லார் விரலிலும் அகாடமி மோதிரம். கடைசி வரிசை ஓரத்தில் ரமில். நடுவில் எங்கோ நெனிதா, பயணப் பையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு.

குழுவின் தலைவர் செனட்டர் பெர்னபே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "எதிர்ப்பு மனு ஒண்ணு இருந்தது. அந்த அம்மாவே வாபஸ் வாங்கிட்டாங்க. ஆக, நம்ம முன்னால பிரச்சினை ஒண்ணும் இல்ல. ஜெனரல், போன தடவை ரெண்டு பாட்டு. இந்தத் தடவை மூணு நட்சத்திரம், மூணு பாட்டு. கணக்கு சரிதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். இசித்ரோ எழுந்தார். பாட்டு நாக்கு நுனியில்தான் இருந்தது. வாரம் முழுக்கக் குளிக்கும்போது பழகியது. கடை மேசையும் எதிரில் நின்ற அந்தச் சிவந்த கைகளும் கண் முன்னால் வந்தன.

"பாட்டுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும், செனட்டர். ஆத்தங்கரையில நடந்ததுக்கு முழுப் பொறுப்பும் என்னோடது. சார்ஜென்ட் பலோமார் மேல தப்பு இல்ல."

 ஜெரிகோதான் முதலில் கை தட்டினான். "பாத்தீங்களா? இதுதான் என் நினோங். தனக்குக் கீழ இருந்தவன் பண்ணின தப்பைக்கூடத் தன் தலையில போட்டுக்கறாரு. இப்படிப்பட்ட தலைவனைத்தான் நம்ம படை கேக்குது."

கைதட்டல் பரவியது. மிஸ்டாக்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். பெர்னபே, "ஜெனரலின் பெருந்தன்மையைக் குறிப்புல எழுதிக்கோங்க" என்று சுருக்கெழுத்துப் பெண்ணிடம் சொன்னார்.

இசித்ரோ நின்றபடியே நின்றார். உண்மையைச் சொன்ன மாதிரியும் ஆயிற்று, நட்சத்திரமும் வந்த மாதிரி ஆயிற்று. உட்கார்ந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. முழங்கால் மடங்கக்கூட ஆரம்பித்துவிட்டது. அப்போது நெனிதா எழுந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வரிசையில் இருந்தவர்களின் கால்களைத் தாண்டித் தாண்டி நடைவழிக்கு வந்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். இவர் இவ்வளவுதான் என்று தெரிந்துகொண்ட ஒருத்தியின் முகம் அது. அவர் ஏற்படுத்திய வழக்கத்தை நம்பிச் செத்தவனின் பேரை வைத்தே அவர் கைதட்டல் வாங்கிவிட்டார் என்று அவருக்கு உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது.

"செனட்டர், நான் இன்னும் முடிக்கல."

பெர்னபே கண்ணாடியை இறக்கினார்.

"இது பெருந்தன்மை இல்ல. நடந்ததைச் சொல்றேன். என் ஆளுங்க என் வாயால கேட்டாத்தான் நிறத்தை மாத்தணும்னு நான் வச்ச விதி. அன்னிக்கு நிறம் மாறுச்சு. நான் போய்ச் சொல்லல. சார்ஜென்ட்கிட்ட யாருமே சொல்லல. சொன்னதா எழுதின அறிக்கை பொய். அதுல கையெழுத்துப் போட்டது நான்."

"ஏன் போகல, ஜெனரல்?"

"கல்யாணத்துல நின்னுட்டு இருந்தேன்." அவர் ஜெரிகோவைப் பார்த்தார். "உன் கல்யாணத்துலதான்பா."

கடைசி வரிசையில் ரமில் மோதிரத்தைத் திருகியபடி தரையைப் பார்த்தார். ஜெரிகோவின் வாய் திறந்தே இருந்தது.

"போன் பண்ணியிருப்பாங்களே?" என்றார் பெர்னபே. இப்போது அவர் குரலில் பாட்டும் இல்லை, கேலியும் இல்லை.

"பண்ணினாங்க. நான் போனை அணைச்சு வச்சிருந்தேன்."

அதையாவது அவர் வைத்துக்கொள்ள நினைத்தார். எல்லாவற்றையும் கொட்டின பிறகும் இந்த ஒரு பொய் மட்டும் லிகாயாவுக்காக இருக்கட்டும் என்று நினைத்தார்.

முன்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. லிகாயா எழுந்து நின்றிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளுக்கு முன்னால் மைக்கும் இல்லை. ஆனால் அந்த அறையில் அப்போது மைக் தேவைப்படவில்லை.

"அவரு அணைக்கல. பரோங்குக்குப் பை கிடையாது, போன் என் கைப்பையில இருந்துச்சு. மூணு தடவை அதிர்ந்துச்சு. ரமில் பேரையும் பாத்தேன்." அவள் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "பொண்ணையும் மாப்பிள்ளையையும் சேத்து ஒரே முக்காட்டைப் போட்டு ஊசி குத்தற சடங்கு நேரம். கவர்னரம்மா என் பக்கத்துல நின்னாங்க. இந்த நேரத்துல இவரை வெளிய கூப்பிட்டா என்ன நினைப்பாங்கன்னு பையை மூடிட்டேன். கேக்கலன்னு பதினோரு வருஷமா இவர்கிட்ட பொய் சொல்லிட்டு இருக்கேன்."

இசித்ரோ அவளைப் பார்த்தார். இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தார்கள். கோபம் வர வேண்டும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. அவள்மீது இரக்கம்தான் வந்தது, அதைவிட அதிகமாகத் தன்மீது அருவருப்பு.

மிஸ்டாக்களில் யாரும் இப்போது நிற்கவில்லை. சுருக்கெழுத்துப் பெண் கையைத் தூக்கினாள். "செனட்டர், இதையும் எழுதணுமா?"

பெர்னபே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுதினால் கவர்னர் வீட்டுக் கல்யாணமும் குறிப்பில் ஏறும். பக்கத்தில் ஜெரிகோ அவர் சட்டைக் கையைப் பிடித்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவர் ஜெனரலைப் பார்த்தார், தப்பிக்க ஒரு கடைசி வழி கொடுக்கிற மாதிரி.

"எழுதச் சொல்லுங்க, செனட்டர்," என்றார் இசித்ரோ. "சார்ஜென்ட் கிரிசாந்தோ பலோமாருக்கு நான் சொன்ன கடைசி உத்தரவு, நான் நேர்ல வர்ற வரைக்கும் மஞ்சள். அவரு அந்த உத்தரவுப்படிதான் ஆத்தைக் கடந்தாரு. அதை முதல்ல எழுதட்டும்."

கதவருகே போய்விட்டிருந்த நெனிதா திரும்பி வந்தாள். காலியாகக் கிடைத்த முதல் நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் இறுக்கிக்கொண்டு, அந்தப் பெண் எழுதி முடிக்கும்வரை அழுதாள்.